டி-ஷர்ட் பிரிண்டிங்: துணியைத் தயார் செய்யக் கற்றுக்கொள்வோம்



சொந்தமாக ஒரு சிறுதொழில் தொடங்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது அடிக்கடி காதில் விழும் பெயர் டி-ஷர்ட் பிரிண்டிங். பெருநாளைக்குக் குடும்பத்தோடு ஒரே மாதிரி டி-ஷர்ட், பள்ளி ஆண்டு விழா, கால்பந்துக் குழு, கடை ஊழியர்களுக்குச் சீருடை என்று ஆர்டர்களும் வரத்தான் செய்கின்றன. "மெஷின் வாங்கினால் போதும், கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் அதுவே அடித்துக் கொடுத்துவிடும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு கால்பந்துக் குழுவுக்காக 40 கறுப்பு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தேன். கையில் கொடுத்த அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து அந்தக் குழுவின் தம்பி ஒருவர் நான்கைந்து சட்டைகளோடு கடைக்கு வந்தார். "மாமா, மூணு தடவைதான் துவைச்சோம்" என்று மேசையில் விரித்துக் காட்டினார். ஒன்றில் வெள்ளை எழுத்து சாம்பல் நிறமாகியிருந்தது. இன்னொன்றில் படம் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒன்று மட்டும் புதிது போலவே இருந்தது. எல்லாம் ஒரே மெஷின், ஒரே மை, ஒரே நாளில் அடித்தவை.

பிழை என்னுடையது. அச்சடிப்பதற்கு முன் துணியில் தெளிக்க வேண்டிய கரைசலை நான் கண் அளவில் தெளித்திருந்தேன். ஒரு சட்டைக்குக் கொஞ்சமாகவும் ஒரு சட்டைக்கு அளவுக்கு மீறியும் விழுந்திருந்தது. 40 சட்டைகளையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அந்த மாத வருமானம் அதிலேயே போனது. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களும், அதற்காகக் கடன் வாங்க நினைப்பவர்களும், பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது என்ன வகைப் பிரிண்டிங்?

துணியில் அச்சடிக்கப் பல வழிகள் உண்டு. சட்டம் கட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை செய்து மையை இழுப்பது ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரே டிசைனில் நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் இன்றைக்கும் அதுதான் சிக்கனம். நாம் இங்கே பேசுவது டிடிஜி என்று கடைகளில் சொல்லும் முறை. வீட்டுப் பிரிண்டர் காகிதத்தில் அடிப்பது போல, இந்த மெஷின் டி-ஷர்ட்டின் மேலேயே நேரடியாக மையைத் துளித்துளியாகத் தெளிக்கிறது. திரை செய்யும் செலவு இல்லை. ஒரே ஒரு சட்டை வேண்டுமென்றாலும் அடிக்கலாம். புகைப்படம் போல எத்தனை நிறம் இருந்தாலும் அடிக்கலாம். சிறிய ஆர்டர்களுக்கு அதனால்தான் இது பொருந்துகிறது.

இதில் ஓடும் மை தண்ணீர் கலந்தது. கறுப்பு அல்லது அடர் நிறத் துணியில் முதலில் வெள்ளை மையை ஒரு படுக்கை போல அடித்து, அதன் மேல்தான் மற்ற நிறங்களை அடிக்க வேண்டும். வெள்ளைப் படுக்கை இல்லாவிட்டால் சிவப்பும் மஞ்சளும் கறுப்புத் துணியில் கண்ணுக்கே தெரியாது. வீட்டுச் சுவரில் பட்டி பார்த்து பிரைமர் அடித்த பிறகு பெயின்ட் அடிப்பதைப் போலத்தான் இது.

கரைசல் என்ன செய்கிறது?

பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் பனியன் வியர்வையை எடுக்கிறது. ஆனால் அச்சுக்கு அதுவே எதிரி. தண்ணீர் கலந்த வெள்ளை மை விழுந்ததும் நூலுக்குள் இறங்கிவிடும். மேலே நிற்காது. எவ்வளவு வெள்ளை அடித்தாலும் மங்கலாகவே தெரியும்.

இதைத் தடுப்பதற்குத்தான் பிரீ-ட்ரீட்மென்ட் என்று சொல்லும் கரைசல். அதில் முக்கியமாக மூன்று பொருட்கள் உண்டு. ஒன்று தண்ணீர். இரண்டாவது ஓர் உப்பு, பெரும்பாலும் கால்சியம் உப்பு. மூன்றாவது பசை போல ஒட்டும் பாலிமர்.

உப்பின் வேலையைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போகலாம். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் என்ன ஆகிறது? பால் திரிந்து, திடப்பொருள் ஒன்றுசேர்ந்து தண்ணீர் தனியாகப் பிரிகிறது. கரைசல் தெளித்த துணியில் மை விழும்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. மையில் மிதக்கும் நிறத்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். உப்பு பட்டவுடன் அந்த விலகல் போய், துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிப்பட்டு துணியின் மேலேயே நின்றுவிடும். தண்ணீர் மட்டும் கீழே இறங்கி, பிறகு சூட்டில் ஆவியாகும்.

பாலிமரின் வேலை வேறு. நூலுக்கும் மைக்கும் நடுவில் அது பிடிமானம் கொடுக்கிறது. எலுமிச்சை போல உப்பு மட்டும் இருந்தால் மை மேலே நிற்கும், ஆனால் நூலோடு ஒட்டாது. துவைத்தால் போய்விடும். "கடையில் கால்சியம் குளோரைடு வாங்கித் தண்ணீரில் கரைத்தால் இதே கரைசல்தான், பாதிக் காசு மிச்சம்" என்று சொல்வார்கள். அடித்த அன்று நன்றாகத்தான் இருக்கும். ஒட்டும் பொருள் அதில் இல்லாததால் வாடிக்கையாளர் வீட்டில் துவைக்கும்போது உண்மை தெரியும். அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

எப்சன், பிரதர் போன்ற மெஷின் தயாரிப்பாளர்கள் தங்கள் மைக்கு ஏற்ற கரைசலைத் தாங்களே விற்கிறார்கள். வெளி நிறுவனங்களின் கரைசலும் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் நம் மெஷினின் மைக்குப் பொருந்துமா, பருத்திக்கா பாலியஸ்டருக்கா, அடர் நிறத்துக்கா வெளிர் நிறத்துக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

முதலில் சட்டையைப் பாருங்கள்

கரைசலைக் கையில் எடுக்கும் முன் சட்டையைச் சோதிக்க வேண்டும். திருப்பூரிலிருந்து வரும் பிளெய்ன் டி-ஷர்ட்டுகளில் பல தரம் உண்டு. விலை குறைவு என்று வாங்கிய துணியால் அச்சு கெட்டுப்போனால், பழி கரைசலுக்கும் மெஷினுக்கும்தான் வரும்.

முழுப் பருத்தியா என்று பார்க்கத் தையல் ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, சாம்பல் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணக்கும், தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடினமான மணி போல ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது கலப்புத் துணி. பருத்திக்கான கரைசல் அதில் சரியாக வேலை செய்யாது. அடர் நிறப் பாலியஸ்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடு காட்டும்போது துணியின் சாயமே மேலேறி வெள்ளை மையைக் கறைப்படுத்திவிடும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. சட்டையை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் போல முத்தாக நின்றால், மென்மைக்காகத் துணிக்கு சிலிக்கான் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட துணியில் கரைசல் உள்ளே இறங்காது, மையும் பிடிக்காது. கடைக்காரரிடம் சொல்லி வேறு சரக்கு கேளுங்கள்.

மூன்றாவது மேற்பரப்பு. வெளிச்சத்துக்கு எதிரே சட்டையைச் சாய்த்துப் பார்த்தால் மேலே பூனை முடி போல நூல் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அது அதிகமாக இருந்தால் அச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாலைந்து துவைப்பில் படம் பழசு போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காம்ப்டு நூலில் பின்னி, பயோவாஷ் செய்த துணியில் இந்த முடி குறைவு. சில ரூபாய் கூடுதலானாலும் அதுவே லாபம். நான் 180 ஜிஎஸ்எம் துணியைத்தான் வாங்குகிறேன்.

கரைசலைக் கலப்பது

சில கரைசல்கள் அப்படியே தெளிக்கத் தயாராக வரும். சில கெட்டியாக வரும், தண்ணீர் சேர்த்துத்தான் தெளிக்க வேண்டும். ஒரு பங்குக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும், ஒவ்வொரு துணி வகைக்கும் மாறும். கேனில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் கணக்கு அவருடைய கரைசலுக்கு உரியது.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். போர் தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்பு ஊருக்கு ஊர் வேறு, கோடையில் ஒன்று மழைக்காலத்தில் ஒன்று. அது கரைசலின் கணக்கைக் கெடுப்பதோடு தெளிப்பானின் முனையையும் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரைத்தான் சேர்க்க வேண்டும்.

கேனை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள். பாலிமர் அடியில் தங்கியிருந்தால் மேலே உள்ளது வெறும் உப்புத் தண்ணீர்தான். அன்றைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கலந்து, பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் கெட்டிக் கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்கச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய 2,000 கிராம் கிடைக்கும். சட்டைக்கு 20 கிராம் என்றால் 100 சட்டை. காற்றில் சிதறுவது, முனையில் தங்குவது போக இன்னும் குறையும். ஆர்டருக்கு விலை சொல்லும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சட்டை விலையையும் மை விலையையும் மட்டும் கூட்டி விலை சொல்லிவிட்டுப் பிறகு கையைப் பிசைபவர்கள் பலர்.

தெளிக்கும் முறை, படிப்படியாக

1. சட்டையை ஹீட் பிரஸ்ஸில் வைத்துச் சில விநாடிகள் அழுத்துங்கள். துணியில் இருக்கும் ஈரம் போகும், சுருக்கம் போகும், நீட்டிய முடி படியும்.

2. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எடைக்கருவியில் சட்டையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. படம் வரும் இடத்தை அளந்து, அதைவிடச் சற்றே பெரிதாக வெட்டிய அட்டைச் சட்டத்தை மேலே வையுங்கள். கழுத்துப் பட்டி, உலோகப் பட்டன், ஜிப் ஆகியவற்றில் கரைசல் படக் கூடாது. உப்பு உலோகத்தை அரிக்கும்.

4. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து, ஒரு வரிசை அடுத்த வரிசையின் மேல் பாதி படும்படி சீராகத் தெளியுங்கள். சட்டத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். சட்டைக்கு மேலேயே கையை நிறுத்தினால் அந்த இடத்தில் குளம் கட்டிவிடும். ஸ்ப்ரே கன் இல்லாதவர்கள் ஸ்பாஞ்ச் ரோலரிலும் தடவலாம்.

5. தெளித்ததும் சுத்தமான ரோலரையோ தட்டையான மென்மையான பிரஷ்ஷையோ கொண்டு ஒரே திசையில் லேசாக இழுத்து விடுங்கள். முடி ஒரு பக்கமாகப் படியும், கரைசல் நூலோடு சேரும். இந்த ஒரு நிமிட வேலையைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

6. மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் கிராம்தான் துணியில் இருக்கும் கரைசல். நோட்டில் எழுதுங்கள்.

7. மேலே சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பரை வைத்து, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். முதலில் தட்டைத் துணியின் மேல் அழுத்தாமல் சற்று நேரம் நிறுத்தி ஆவியை வெளியேற்றிவிட்டு, பிறகு அரை நிமிடம் போல அழுத்துங்கள். திறந்ததும் ஆவி வந்தால் இன்னும் காயவில்லை. மறுபடி அழுத்துங்கள். டெஃப்லான் விரிப்பு ஆவியை வெளியே விடாது, எனவே இந்த வேலைக்குப் பேப்பரே மேல்.

8. ஆறிய பிறகு கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, ஈரப்பசை இல்லாமல் இருந்தால் மெஷினில் ஏற்றலாம்.

மழைக்காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாடியில் உப்பு நீர்த்துப்போவது போல, இந்தக் கால்சியம் உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காலையில் தயார் செய்த சட்டை மாலைக்குள் ஈரப்பசையோடு இருக்கும். உடனே அடிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்து, அடிக்கும் முன் சில விநாடிகள் மறுபடி அழுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை கிராம்?

14 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு, கறுப்புச் சட்டையில், கரைசலையும் துணியின் கனத்தையும் பொறுத்து 15 முதல் 30 கிராம் வரை தேவைப்படும். உங்கள் கரைசலுக்கும் உங்கள் துணிக்கும் சரியான எண் எது என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஒரே வகைக் கறுப்புச் சட்டைகள் நான்கை எடுத்து 15, 20, 25, 30 கிராம் என்று தெளித்து, ஒரே படத்தை அடித்து, ஒரே மாதிரி சூடு காட்டுங்கள். உள் ஓரத்தில் அழியாத பேனாவால் கிராமை எழுதிவிட்டு ஐந்து முறை துவையுங்கள். எது நன்றாக நிற்கிறதோ அதுவே உங்கள் எண். நான்கு சட்டை வீணானது போலத் தோன்றும். 40 சட்டையைத் திரும்ப அடித்துக் கொடுத்தவன் சொல்கிறேன், இதைவிட மலிவான பாடம் கிடையாது. துணி வாங்கும் இடத்தை மாற்றினால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது

வெள்ளை மங்கலாக, துணியின் நிறம் ஊடுருவித் தெரிந்தால் கரைசல் போதவில்லை, அல்லது அதிகத் தண்ணீர் சேர்ந்துவிட்டது.

படம் திட்டுத்திட்டாக, ஓரிடத்தில் பளிச்சென்றும் ஓரிடத்தில் மங்கியும் இருந்தால் தெளித்ததில் சீர் இல்லை. முனையில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் விறைப்பாக இருந்து, துவைத்ததும் செதிலாக உரிந்தால் கரைசல் அதிகம். மை நூலைப் பிடிக்காமல் காய்ந்த கரைசலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரைசல் கரைந்ததும் மையும் போயிற்று. "கொஞ்சம் கூடுதலாகத் தெளித்தால் நல்லதுதானே" என்ற எண்ணம் இங்கேதான் காலை வாரிவிடும்.

வெள்ளையின் மேல் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடினால், துணி சரியாகக் காயாமலேயே மெஷினில் ஏறியிருக்கிறது, அல்லது மையின் அளவு அதிகம்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் துவைப்பிலேயே நிறம் இறங்கினால் கரைசலைச் சந்தேகிக்கும் முன் கடைசிச் சூட்டைப் பாருங்கள். அச்சடித்த பிறகு மை இறுகுவதற்குக் காட்டும் சூடு இது. அடர் நிறச் சட்டைக்கு ஹீட் பிரஸ்ஸில் பெரும்பாலும் 160 டிகிரியை ஒட்டி ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் தேவைப்படும். மை நிறுவனம் சொல்லும் கணக்கே இறுதி. பழைய பிரஸ்ஸின் திரையில் 160 என்று காட்டினாலும் தட்டின் ஓரங்களில் அந்தச் சூடு இருக்காது. தட்டின் நான்கு மூலைகளையும் தெர்மாமீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சட்டையும் வெளிர் நிறங்களும்

வெள்ளைச் சட்டையில் வெள்ளை மை தேவையில்லை என்பதால் கரைசல் இல்லாமலும் அடிக்கலாம். ஆனாலும் வெளிர் நிறத்துக்கென உள்ள கரைசலை மெல்லியதாகத் தெளித்தால் நிறங்கள் துலக்கமாக இருக்கும், துவைப்பிலும் நிற்கும். சூடு மட்டும் மீறக் கூடாது. வெள்ளைத் துணி பழுப்பேறிவிடும்.

வெளிர் நீலம், ரோஜா, சாம்பல் போன்ற நிறங்களில் படத்தைச் சுற்றிக் கட்டம் போட்டது போல ஒரு கறை தெரியலாம். பெரும்பாலும் முதல் துவைப்பில் போய்விடும். சில சாயங்களில் போகாது. சில சாயங்கள் சூட்டில் நிறம் மாறி, ஆறியதும் பழைய நிறத்துக்குத் திரும்பும். எனவே புதிய நிறம் எதுவானாலும் சட்டையின் உள்பக்கக் கீழ் ஓரத்தில் சிறிது தெளித்து, சூடு காட்டி, துவைத்துப் பார்த்த பிறகே ஆர்டரைத் தொடங்குங்கள். கட்டம் தெரிய வாய்ப்பிருந்தால் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிக் கொடுத்தால் அது தகவல். அவரே கண்டுபிடித்தால் அது குறை.

துவைத்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்

ஒவ்வொரு பெரிய ஆர்டரிலும் ஒரு சட்டையைக் கூடுதலாக அடியுங்கள். ஒரு நாள் ஆறவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வீட்டில் எப்படித் துவைப்போமோ அப்படியே துவைத்துப் பாருங்கள். துவைக்காத ஒன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். முன்பணம் வாங்கிய பிறகு அந்தப் பொருள் நம்மிடம் அமானிதம். கடையில் பளபளப்பாக இருப்பதை விற்றுவிட்டு, வீட்டில் என்ன ஆனால் நமக்கென்ன என்று இருப்பது நம் வியாபாரம் அல்ல.

சட்டையோடு ஒரு சிறு சீட்டும் வையுங்கள்: உள்பக்கம் திருப்பித் துவைக்கவும், பிளீச்சிங் பவுடர் வேண்டாம், துவைகல்லில் அடிக்க வேண்டாம், படத்தின் மேல் நேரடியாக இஸ்திரி போட வேண்டாம். இந்த நான்கு வரி பல புகார்களைத் தடுக்கும்.

உடல்நலமும் வீடும்

வீட்டிலேயே ஒரு மூலையில் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தெளிக்கும்போது எழும் மெல்லிய புகை போன்ற துளி மூச்சில் போகக் கூடாது. முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி உள்ள தனி அறை வேண்டும். சமையலறையிலும், குழந்தைகள் படுக்கும் அறையிலும் கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் தெளிக்கும் வேலையை மற்றவரிடம் விட்டுவிடுங்கள். அந்த எடைக்கருவியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். குடிதண்ணீர் பாட்டிலில் கரைசலை ஊற்றி வைப்பது மிகப் பெரிய ஆபத்து. குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

மாலையில் வேலை முடிந்ததும் ஸ்ப்ரே கன்னில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள். பாலிமர் உள்ளேயே காய்ந்தால் முனை போய்விடும். மீந்த கரைசலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கும். நம்முடையது சிறு அளவுதான். ஆனாலும் தேவைக்கு மட்டும் கலந்தால் கொட்டும் தேவையே வராது.

கடன் வாங்கும் முன்

இந்த மெஷினின் விலை லட்சங்களில். வாங்கிய பிறகும் அது சும்மா இருக்க முடியாது. வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, அடியில் தங்கும். ஆர்டர் இல்லாத நாளிலும் மெஷினை ஓட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் மை வரும் ஹெட் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றுவது பெரும் செலவு. மாதத்துக்குப் பத்து சட்டை ஆர்டர் உள்ளவர் மெஷின் வாங்கினால் மெஷினுக்காகத்தான் உழைக்க வேண்டியிருக்கும்.

எனவே முதலில் ஆர்டர் பிடிக்கப் பழகுங்கள். கூலிக்கு அடித்துத் தரும் யூனிட்டில் கொடுத்து வாங்கி விற்றுப் பாருங்கள். பிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறையும் உண்டு. அதற்கு இந்தக் கரைசலே தேவையில்லை, பாலியஸ்டரிலும் ஒட்டும். படத்தின் மேல் பிளாஸ்டிக் போன்ற ஓர் ஏடு இருப்பது மட்டும் அதன் குறை. பெரிய படமாக இருந்தால் காற்று புகாது. உங்கள் வாடிக்கையாளருக்கு எது வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்குள் ஏதாவது ஒரு யூனிட்டில் ஒரு மாதம் துணி தயார் செய்யும் வேலைக்குப் போய்ப் பாருங்கள். மெஷின் பக்கம் போக வேண்டாம். தெளிப்பது, எடை போடுவது, உலர்த்துவது, துவைத்துப் பார்ப்பது இவற்றை மட்டும் செய்யுங்கள். நூறு சட்டையைத் தொடர்ந்து ஒரே கிராமில் தெளிக்க வந்துவிட்டால், மெஷினை ஓட்டுவது பிறகு பெரிய விஷயமாக இருக்காது.

அந்தக் கால்பந்துக் குழு இன்றும் என்னிடம்தான் வருகிறது. இப்போது மேசையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் எடைக்கருவியும் ஒரு நோட்டும் எப்போதும் இருக்கும். தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் அந்த இரண்டையும் முதலில் வாங்கட்டும். மற்றவை இன்ஷா அல்லாஹ் பின்னால் வரும்.